‘டூ’ வந்த வழி

‘வேர் டஸ் ஹி லிவ்?’ என்று கேட்பது சரியான ஆங்கிலம். ‘ஐ டோன்ட் நோ வேர் டஸ் ஹி லிவ்’ என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். அங்கே ‘வேர் ஹி லிவ்ஸ்’ என்றுதான் வர வேண்டும். நம் ஊரில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இந்தச் சிவப்புச் சுழி புதிதல்ல. நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றச் சொல்லி வினாத்தாளில் சில வாக்கியங்கள் வரும். அவற்றில் கேள்வி வாக்கியம் ஒன்றாவது இருக்கும். ‘டஸ்’, ‘டிட்’, ‘இஸ்’ எல்லாவற்றையும் எழுவாய்க்கு முன்னால் தூக்கிவைக்க மாணவர் வருடக்கணக்கில் பாடுபட்டுப் பழகியிருப்பார். பழகி முடித்த கையோடு, இந்த இடத்தில் மட்டும் தூக்கிவைக்காதே என்பார்கள். ஏன் என்று கேட்டால், விதி அப்படி என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

விதி அப்படித்தான் என்பதில் சண்டையில்லை. ஆனால் அது ஆங்கிலத்தோடு கூடப் பிறந்த விதியல்ல. இன்று நாம் பாடமாகப் படிக்கும் வடிவத்துக்கு அது வந்து சேர முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த வரலாற்றைப் பார்த்த எவரும், ‘வேர் டஸ் ஹி லிவ்’ என்று தப்பான இடத்தில் எழுதிவிட்ட பிள்ளையை மக்கு என்று சொல்லத் துணியமாட்டார்கள். அது என் உறுதியான எண்ணம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் ஆல்ஃப்ரிக் என்றொரு துறவி இருந்தார். மடத்துப் பிள்ளைகளுக்கு லத்தீன் பேசக் கற்றுத்தர ஓர் உரையாடல் எழுதினார். ஆசிரியர் கேள்வி கேட்பார். ஒரு பிள்ளை உழவனாக, ஒரு பிள்ளை மேய்ப்பனாக, இன்னொரு பிள்ளை மீனவனாக நின்று பதில் சொல்ல வேண்டும். உன் வேலை என்ன, அதை எப்படிச் செய்கிறாய், பிடித்த மீனை எங்கே விற்கிறாய் என்று கேள்விகள் அடுத்தடுத்து வரும். அந்த லத்தீன் வரிகளுக்கு மேலே, அந்தக் காலத்து ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதிய கையெழுத்துப் பிரதி ஒன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கேள்விக்குத் துணை நிற்கும் இன்றைய ‘டூ’வை அதில் எங்கே தேடினாலும் கிடைக்காது. எந்த வினைச்சொல்லானாலும் அதுவே எழுவாயைத் தாண்டி முன்னால் போய் நின்ற காலம் அது. இன்றைய சொற்களைப் போட்டு அந்த அமைப்பைக் காட்டினால் ‘நோ யூ தி வே?’ என்றும், ‘வேர் செல் யூ தி ஃபிஷ்?’ என்றும் இருக்கும்.

ஜெர்மன்காரர் இன்றைக்கும் அப்படித்தான் கேட்கிறார். டச்சு, ஸ்வீடிஷ், டேனிஷ் எல்லாம் அதே வழி. உடன்பிறந்த மொழிகள் அத்தனையும் பழைய வழியிலேயே நிற்க, ஆங்கிலம் மட்டும் தனியே விலகிப்போனது.

பழைய ஆங்கிலத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேள்வியை வேறொரு வாக்கியத்துக்குள் வைத்தால் வினைச்சொல் முன்னால் ஓடாது. உள்ளே, தன் இடத்திலேயே, பல நேரம் கடைசியிலேயே நின்றுவிடும். ஆக, ‘உள்ளே வைத்த கேள்வியில் புரட்டாதே’ என்ற பாதிவிதி மிகப் பழையது. ‘நேர்க் கேள்வியில் டூவைக் கொண்டுவா’ என்ற மறுபாதிதான் பின்னால் வந்தது. வயது வேறுவேறான இரண்டு விதிகளை நம் பாடநூல்கள் ஒரே கட்டத்துக்குள் அடைத்து, ஒரே மூச்சில் மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. குழப்பத்தின் வேர்களில் ஒன்று இது.

உள்ளே போன கேள்வியில் வினை ஏன் முன்னால் வருவதில்லை? டச்சு மொழியியலாளர் ஹான்ஸ் டென் பெஸ்டன் 1970களின் பிற்பாதியில் தெளிவாகச் சொன்ன விளக்கம் ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்து வகுப்பில் சொல்லத் தகுந்த விளக்கம் அதுதான். வாக்கியத்தின் தலைப்பில் ஒரே ஒரு நாற்காலி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேர்க் கேள்வியில் அது காலி. வினை எழுந்து வந்து அதில் உட்காரும். கேள்வியை இன்னொரு வாக்கியத்துக்குள் நுழைக்கும்போது, இரண்டையும் இணைக்க ‘இஃப்’, ‘வெதர்’, ‘தட்’ போன்ற சொல் தேவைப்படுகிறது. இணைப்புச்சொல் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் வினைக்கு இடமில்லை. அது பழைய இடத்திலேயே இருக்க வேண்டியதுதான்.

‘இஃப்’ வரும் வாக்கியத்துக்கு இது பொருந்துகிறது, ‘வேர்’, ‘வாட்’ வரும்போது நாற்காலியில் யாரையும் காணோமே என்று ஒரு கெட்டிக்கார மாணவி கேட்கக்கூடும். அதற்கும் விடை இருக்கிறது. 1400இல் இறந்த கவிஞர் சாசரின் காலத்து ஆங்கிலத்தில் ‘விச் தட்’, ‘வென் தட்’, ‘வாட் தட்’ என்று இரண்டு சொல்லையும் சேர்த்தே எழுதினார்கள். கேள்விச்சொல்லுக்குப் பின்னால் ‘தட்’ வெளிப்படையாக உட்கார்ந்திருந்தது. பிறகு அந்த ‘தட்’ பேச்சிலிருந்து உதிர்ந்துவிட்டது. ஆள் கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் இடம் காலியாகவில்லை. ஜெர்மனியின் பவேரிய வட்டாரப் பேச்சில் இன்றும் இரண்டு சொல்லும் சேர்ந்தே வருகின்றன.

இப்போது ‘டூ’வுக்கு வருவோம். ‘செய்’ என்று பொருள்படும் சாதாரண வினைதான் அது. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதிச் செய்யுள்களில், தனக்கென்று பொருள் ஏதும் இல்லாமல் இன்னொரு வினைக்குத் துணையாக மட்டும் நிற்கத் தொடங்கியது. ‘ஒருவரைச் செய்ய வைத்தல்’ என்ற பொருளில் வந்த ‘டூ’தான் மெல்லத் தேய்ந்து இப்படி ஆயிற்று என்று சொல்வோர் உண்டு. பக்கத்திலேயே பேசப்பட்ட வெல்ஷ், கார்னிஷ் மொழிகளில் இதே போன்ற துணைவினை இருப்பதால் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று வாதிடுவோரும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை. செய்யுளில் அசைக்குறை வந்தால் இட்டு நிரப்ப அது வசதியாக இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

ஸ்வீடனின் ஆல்வார் எல்லெகார்ட், கணினி இல்லாத காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலான ஆங்கில உரைநடை நூல்களை எடுத்து, எங்கெல்லாம் ‘டூ’ வருகிறது, எங்கெல்லாம் வரக்கூடிய இடத்தில் வரவில்லை என்று கையால் எண்ணினார். ஆயிரக்கணக்கான வாக்கியங்கள். 1953இல் நூலாக வந்த அந்தக் கணக்குதான் இன்றுவரை இந்தத் துறைக்கு அடிப்படை. 1400 வாக்கில் ‘டூ’ அரிதான விருந்தாளி. 1500க்குப் பிறகு விறுவிறுவென்று ஏறுகிறது. எதிர்மறைக் கேள்விகளில் முதலில் பிடித்துக்கொண்டது. ‘ஆம், இல்லை’ என்று பதில் சொல்லும் கேள்விகளில் அடுத்து. ‘வாட்’, ‘வேர்’ கேள்விகளில் கொஞ்சம் தாமதமாக. 1700ஐ நெருங்கும்போது நேர்க் கேள்விகளில் அதன் ஆட்சி ஏறக்குறைய முழுமை. ‘நோ’, ‘டவுட்’ போன்று நாவில் அன்றாடம் புழங்கும் சில வினைகள் மட்டும் கடைசிவரை பழைய வழியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன.

அதே கணக்கை 1989இல் மறுபடி கையிலெடுத்த பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆன்டனி க்ரோக், அதில் ஓர் ஒழுங்கைக் கண்டார். ஒவ்வொரு வகைக் கேள்வியிலும் ‘டூ’வின் அளவு வேறுபட்டாலும், ஏறும் வேகம் ஒன்றுதான். அப்படியென்றால் தனித்தனியாகப் பல மாற்றங்கள் நடக்கவில்லை. அடியில் ஒரே ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. ஆங்கிலத்தின் சாதாரண வினைச்சொற்கள் தம் இடத்தைவிட்டு நகரும் பழக்கத்தையே இழந்துகொண்டிருந்தன. கேள்வி கேட்க முன்னால் யாராவது வர வேண்டும். முதன்மை வினை வரமறுக்கிறது. பொருள் சுமக்காத ‘டூ’ சும்மா இருந்தது, அது போனது. ‘பி’, ‘ஹேவ்’, ‘கேன்’, ‘வில்’ போன்றவை நகரும் பழக்கத்தை இழக்கவில்லை. ‘இஸ் ஹி தேர்?’ என்பதில் ‘டூ’ தேவைப்படாததற்குக் காரணம் இதுதான். அந்தச் சின்ன வாக்கியத்தை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஆல்ஃப்ரிக் காலத்து இலக்கணத்தைத்தான் சொல்கிறோம். ‘ஹூ கேம்?’ என்ற கேள்விக்கு ‘டூ’ வராததும் இதே கணக்கில் அடங்கும். அங்கே கேள்விச்சொல்லே எழுவாய். தாண்டிப் போக முன்னால் வேறு எழுவாய் இல்லை.

இவ்வளவு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்த நடுக்காலத்தில்தான் ஷேக்ஸ்பியர் எழுதினார். ஒரே நாடகத்தில், சில சமயம் ஒரே காட்சியில், ‘டூ’ போட்ட கேள்வியும் போடாத கேள்வியும் அவரிடம் பக்கத்தில் பக்கத்தில் வரும். சந்தத்துக்கு எது ஒத்துவந்ததோ அதை எடுத்துக்கொண்டார். எது சரி என்று சொல்ல அன்றைக்கு ஆளில்லை. ஆங்கிலத்துக்கென்று அச்சான முதல் இலக்கணச் சிறுநூலே, வில்லியம் புல்லோகர் எழுதியது, 1586இல்தான் வந்தது.

1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பைபிளின் கதை வேறு. அதன் புதிய ஏற்பாட்டில் பெரும்பகுதி, 1526இல் அச்சாகி வந்த வில்லியம் டிண்டேலின் மொழிபெயர்ப்பை ஒட்டியது. பைபிளை மக்கள் மொழியில் தரத் துணிந்த டிண்டேலை 1536இல் பிரஸ்ஸல்ஸ் அருகே கொன்று எரித்தார்கள். அவர் எழுதிய நாளில் இயல்பாக இருந்த கேள்வி அமைப்பு, 85 ஆண்டு கழித்து 1611இல் தேவாலயத்தில் வாசிக்கப்பட்டபோது காதுக்குப் பழசாகியிருந்தது. இன்னும் நூறு ஆண்டு போனதும் அந்தப் பழசு புனிதமாகவே கேட்கத் தொடங்கிவிட்டது. ‘டூ’ இல்லாத கேள்வி என்றாலே வேதவாக்கின் கம்பீரம் என்று ஆங்கிலேயர் இன்றும் உணர்வதற்கு, ஒரு நெசவுச் சீமைக்காரர் தம் ஊர்ப்பேச்சில் எழுதியதே காரணம். குளோஸ்டர்ஷயர் கம்பளி நெசவுக்குப் பேர்போன பகுதி. டிண்டேல் அங்கே பிறந்தவர்.

சாதாரணக் கூற்று வாக்கியத்திலும் ‘டூ’ நுழைந்து பார்த்தது. ‘ஐ டூ லவ்’ என்று அழுத்தம் ஏதுமில்லாமல் எழுதுவது 16ஆம் நூற்றாண்டில் சகஜம். அங்கே அது நிலைக்கவில்லை. 1755இல் பேரகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னே வைத்த இலக்கணப் பகுதியில், இப்படித் தேவையில்லாமல் ‘டூ’ சேர்ப்பது பழுதான பேச்சு என்று ஒதுக்கினார். கேள்வியில் அதை ஏற்றுக்கொண்டார். அவர் சொன்னதால் மொழி மாறவில்லை. மாறி முடிந்ததை அவர் எழுதிவைத்தார். 1762இல் ராபர்ட் லோத், 1795இல் லிண்ட்லி மரே என்று வந்த இலக்கண ஆசிரியர்கள் கைக்குக் கிடைத்தது இப்படி முடிந்துபோன ஒரு மொழி. தாறுமாறாக இருந்த முந்நூறு ஆண்டு அவர்கள் நூல்களில் இல்லை. இன்று நாம் படிக்கும் விதிகள் அந்த நூல்களின் வம்சத்தில் வந்தவை. அதனால்தான் வானத்திலிருந்து விழுந்ததுபோல அவை நமக்குத் தெரிகின்றன.

முடிந்துபோனது என்றாலும் முழுக்க முடியவில்லை. ‘ஹேவ் யூ எ பென்?’ என்று கேட்ட பிரிட்டிஷ் தலைமுறை இன்னும் இருக்கிறது. அமெரிக்க வழக்கான ‘டூ யூ ஹேவ்’ இப்போது அங்கேயும் அதைத் தள்ளிவிட்டது. 1400இல் தொடங்கிய வேலையின் கடைசிப் பகுதி நம் கண்முன் நடந்திருக்கிறது.

உள்ளே வைத்த கேள்வியில் புரட்டக்கூடாது என்ற பழைய விதியாவது எல்லா ஊரிலும் நின்றதா என்றால், அதுவும் இல்லை.

அயர்லாந்தில், முக்கியமாக பெல்ஃபாஸ்ட், டெரி நகரங்களில், ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்ட படித்த மனிதர்கள் ‘ஐ ஆஸ்க்ட் ஹிம் வாட் டிட் ஹி வான்ட்’ என்று கூச்சமில்லாமல் சொல்வார்கள். ‘ஷி வாண்டர்ட் வாஸ் ஹி கமிங்’ என்பார்கள், ‘இஃப்’ கிடையாது. நம் வகுப்பறையில் இரண்டுக்கும் சிவப்புச் சுழிதான். ஐரிஷ் மொழியில் நேர்க் கேள்விக்கும் உள்ளே வைத்த கேள்விக்கும் அமைப்பு ஒன்றே. மக்கள் ஆங்கிலத்துக்கு மாறியபோது அந்தப் பழக்கமும் கூட வந்தது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். அலிசன் ஹென்றி 1995இல் பெல்ஃபாஸ்ட் ஆங்கிலத்தைப் பற்றி எழுதிய நூலும், டெரியில் பிறந்த ஜேம்ஸ் மெக்லோஸ்கி 2006இல் எழுதிய கட்டுரையும் இதை விரிவாக ஆராய்ந்தன. கண்ணில் பட்டதையெல்லாம் அவர்கள் புரட்டிவிடுவதில்லை என்று மெக்லோஸ்கி காட்டினார். ‘கேட்டான்’, ‘யோசித்தாள்’ என்ற வினைகளுக்குப் பின்னால் புரட்டுவார்கள். அங்கே கேள்வி உயிரோடு இருக்கிறது; விடை இன்னும் கிடைக்கவில்லை. ‘கண்டுபிடித்தான்’, ‘நினைவிருக்கிறது’ என்ற இடத்தில் விடை தெரிந்தாயிற்று, கேள்வி செத்துவிட்டது. அங்கே புரட்டமாட்டார்கள். எவ்வளவு நுட்பமான வேறுபாடு! பாடநூல் ஆங்கிலத்தால் சொல்வரிசையில் காட்ட முடியாத ஒன்றை அந்த ஊர்த் தெருப்பேச்சு காட்டுகிறது.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1960களின் பிற்பாதியில் வில்லியம் லபோவ் நடத்திய சோதனையை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அதில் கலந்துகொண்டவர்கள் பள்ளியில் தோற்றுக்கொண்டிருந்த கறுப்பினப் பையன்கள். வாசிக்கத் தெரியாதவர்கள், யோசிக்கவும் தெரியாதவர்கள் என்று அன்றைய கல்வியாளர் சிலர் எழுதிக்கொண்டிருந்தார்கள். லபோவ் அவர்களிடம் பாடநூல் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி, அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னார். ‘ஒருவனிடம் கேட்டேன், அவனுக்கு இன்ன ஆட்டம் ஆடத் தெரியுமா என்று’ என்ற பொருளில் ‘இஃப்’ போட்ட வாக்கியம் அது. சில பையன்கள் சற்றும் தயங்காமல் திருப்பிச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் வாயில் ‘இஃப்’ காணாமல் போய், ‘டூ’ முன்னால் வந்து, நேர்க் கேள்வியின் வரிசை அமைந்துவிட்டது. தவறாகச் சொன்னதாக அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

இதை எப்படிப் படிப்பது? கேட்ட வாக்கியம் புரியாதவனால் அதைத் தன் பேச்சின் இலக்கணத்துக்கு இவ்வளவு துல்லியமாக மாற்ற முடியாது. முழுக்கப் புரிந்தது, அந்தப் பொருளைத் தன் விதிப்படி மறுபடி கட்டினான். அவன் விதியில் ‘இஃப்’ வேலையைச் சொல்வரிசை செய்கிறது. குறை அவன் மூளையிலா, அளந்தவர் கோலிலா என்று லபோவ் உலகைக் கேட்டார். அரை நூற்றாண்டு தாண்டியும் நம் விடைத்தாள் திருத்தும் மேசைகளுக்கு அந்தக் கேள்வி வந்து சேரவில்லை என்பதே என் வருத்தம்.

இலக்கியம் வேறொரு பக்கமிருந்து இந்த விதியைத் தளர்த்தியது. 1815இன் கடைசியில் வெளிவந்த ‘எம்மா’ நாவலில் ஜேன் ஆஸ்டின் ஒரு முறையைக் கைவசப்படுத்தியிருந்தார். பாத்திரத்தின் மனத்தில் ஓடும் கேள்வியை மேற்கோள் குறி இல்லாமல், ‘என்று நினைத்தாள்’ இல்லாமல், கதைசொல்லியின் குரலிலேயே எழுதுவது. ‘வாஸ் ஹி கமிங் டுமாரோ?’ என்பது மாதிரியான வாக்கியம். காலமும் ஆளும் அயற்கூற்றைப் போல மாறிவிட்டன: ‘ஆர்’ போய் ‘வாஸ்’, ‘யூ’ போய் ‘ஹி’. சொல்வரிசை மட்டும் நேர்க் கேள்வியுடையது. ‘டுமாரோ’வும் மாறவில்லை. கேட்பது அவள், சொல்வது ஆசிரியர். இரண்டு குரல் ஒரு வாக்கியத்தில். சுவிட்சர்லாந்தின் ஷார்ல் பாயி 1912இல் பிரெஞ்சு இலக்கியத்தை வைத்து இதற்குப் பெயரிட்டு இலக்கணம் வகுத்தார். வர்ஜீனியா வுல்ஃப் 1925இல் வெளியான ‘மிஸஸ் டாலோவே’யை எழுதியபோது இந்தக் கலப்பில்தான் பக்கம் பக்கமாக நடந்தார். பரீட்சையில் ‘பாதிதான் மாற்றியிருக்கிறாய்’ என்று மதிப்பெண் குறைக்கப்படும் வாக்கியம், ஆங்கில நாவல் மனித மனத்துக்குள் நுழையக் கண்டுபிடித்த வாசல்.

அதிகார மன்றங்கள் இதற்கு நேர் எதிரான பக்கம் போயின. வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்ற நடவடிக்கைகளைத் தொகுத்த ஹான்சார்ட், 1909இல் நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வ ஏடாகும்வரை பெரும்பாலும் அயற்கூற்றில்தான் நகர்ந்தது: உறுப்பினர் இன்னது உண்மையா என்று கேட்டார், அமைச்சர் இன்னது என்று பதிலளித்தார். உறுப்பினரின் சொந்தக் குரல் அதில் அடங்கிவிடும். அங்கே எழுத்துவழிக் கேள்விகள் இன்றும் ‘டு ஆஸ்க்’ என்று தொடங்கி, ‘வெதர்’ அல்லது ‘வாட்’ போட்டு, புரட்டாத வரிசையில் முடிகின்றன. இந்தியாவுக்கு இந்த மரபு 1892ஆம் ஆண்டின் கவுன்சில் சட்டத்தோடு வந்தது. அரசைக் கேள்வி கேட்கும் உரிமை சட்டமன்ற உறுப்பினர்களுக்கு முதன்முதலாகக் கிடைத்தது அப்போதுதான். துணைக் கேள்வி கேட்க 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் மக்களவையின் கேள்வித் தாளை எடுத்துப் பாருங்கள். ‘வில் தி மினிஸ்டர் பி ப்ளீஸ்ட் டு ஸ்டேட்’ என்று தொடங்கும். புரட்டிய வரிசை அந்த மரியாதை வரியோடு சரி. பிறகு ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்று உட்பிரிவுகள். ஒவ்வொன்றும் ‘வெதர் தி கவர்ன்மென்ட் ஹேஸ்’ என்று நிமிர்ந்த வரிசையில் செல்லும். பயிர்க்காப்பீடோ ரயில் விபத்தோ, கொதித்துப்போன உறுப்பினரின் கேள்வி தாளில் இறங்கும்போது அமைச்சரை நேருக்கு நேர் நோக்காமல், தகவல் கோரும் விண்ணப்பமாக மாறிவிடுகிறது. அவையின் ஒழுங்குக்கு அது உதவலாம். ஆனால் துணைக் கேள்விக்காக உறுப்பினர் எழுந்து நின்று, வினையை முன்னால் போட்டுக் கேட்கும் அந்த நிமிடத்தில்தான் அவை விழித்துக்கொள்கிறது என்பதைக் கேள்வி நேரத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இனி நம் பிள்ளைகள். தமிழில் கேள்விக்காகச் சொல் இடம் மாறுவதில்லை. ‘எங்கே போகிறாய்?’ என்பது கேள்வி. ‘எங்கே போகிறாய் என்று கேட்டான்’ என்பது அயற்கூற்று. ‘என்று’ வந்து ஒட்டியதைத் தவிர ஒரு எழுத்தும் மாறவில்லை. வாக்கியத்தை வாக்கியமாகவே தூக்கி உள்ளே வைத்துவிடலாம். ஆளும் காலமும்கூட அப்படியே நிற்கும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் வினாக்களைப் பகுத்தபோது, கேட்பவரின் நோக்கத்தை வைத்துத்தான் ஆறாகப் பகுத்தார்: தெரிந்தே கேட்பது, தெரியாமல் கேட்பது, ஐயத்தில் கேட்பது, வாங்கக் கேட்பது, கொடுக்கக் கேட்பது, ஏவக் கேட்பது. சொல்வரிசையைப் பற்றிப் பேச அவருக்கு அவசியமே நேரவில்லை. அதே நூற்றாண்டில்தான் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் ‘டூ’ தலைகாட்டியது.

தமிழிலிருந்து வரும் குழந்தை ‘வாட் ஹி இஸ் டூயிங்?’ என்று கேட்கிறது. தப்பு என்று திருத்துகிறோம். ஆனால் தாய்மொழியாக ஆங்கிலம் பேசும் குழந்தையும் இதே வழியாகத்தான் வருகிறது. 1960களில் ஹார்வர்டில் ராஜர் பிரவுன் குழுவினர் ஆடம், ஈவ், சாரா என்று பெயரிட்டு மூன்று குழந்தைகளின் பேச்சை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவுகளை ஆராய்ந்து எட்வர்ட் கிளைமாவும் அர்சுலா பெலூகியும் 1966இல் எழுதினார்கள்: ‘ஆம், இல்லை’ கேள்விகளில் துணைவினையைச் சரியாக முன்னால் வைக்கக் கற்ற பிறகும், ‘வாட்’, ‘வை’ கேள்விகளில் குழந்தைகள் சிலகாலம் புரட்டாமலே கேட்கிறார்கள். யாரும் அந்தக் குழந்தைகளுக்குச் சுழி போடவில்லை. வளர்ந்தபோது சரியானது.

இந்தியரின் அன்றாட ஆங்கிலத்தை ஆராய்ந்த ராகேஷ் பட், அதில் ஒரு சீரான தலைகீழ் அமைப்பைக் கண்டார். நேர்க் கேள்வியில் புரட்டுவதில்லை. உள்ளே வைத்த கேள்வியில் புரட்டுகிறார்கள். பாடநூல் ஆங்கிலத்துக்கு நேர் எதிர். எதிராக இருந்தாலும் ஒழுங்காக இருக்கிறது. விதி தெரியாதவர் பேச்சில் ஒழுங்கு வராது. பெல்ஃபாஸ்ட்காரரும் ஹார்லெம் சிறுவனும் செய்ததற்கு நாமும் தூரத்து உறவு.

நம் வகுப்பறைக்கு நேர்க்கூற்று, அயற்கூற்றுப் பயிற்சி வந்த வழியையும் சொல்ல வேண்டும். ஆங்கிலேயப் பள்ளிகளில் லத்தீன் கற்றவர்கள், ரோமானிய வரலாற்று நூல்களிலிருந்து ஒரு தளபதியின் பேச்சை எடுத்து அயற்கூற்றுக்கும் நேர்க்கூற்றுக்கும் மாற்றிப் பழகுவார்கள். சீசரைப் படிக்க அது உண்மையாகவே தேவைப்பட்டது. அந்தப் பயிற்சி ஆங்கிலப் பாடத்துக்கும் தாவி, இந்தியாவுக்கும் வந்தது. 1930களில் வெளியாகி இன்றும் விற்கும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலில் அதற்குத் தனி இடம் உண்டு. அந்த ரென், பம்பாய் மாகாணத்தில் இந்தியக் கல்விப் பணியில் இருந்தவர். ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலை 1924இல் எழுதியவரும் அவரே. உரையாடலுக்கு உயிர் கொடுக்கத் தெரிந்த நாவலாசிரியரின் பெயர் தாங்கிய நூலில், நம் பிள்ளைகள் நான்கு தலைமுறையாக உயிருள்ள கேள்விகளை ஒவ்வொன்றாக அயற்கூற்றில் அடக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

விதியைக் கைவிடச் சொல்லவில்லை. வேலை விண்ணப்பம் எழுதும் பெண்ணுக்கும் நேர்முகத் தேர்வுக்குப் போகும் பையனுக்கும் பாடநூல் ஆங்கிலம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அதை மறைப்பது அவர்களுக்குச் செய்யும் துரோகம். நான் கேட்பது இரண்டே. ஒன்று, காரணத்தோடு சொல்லிக்கொடுங்கள். ‘இஃப்’ உட்கார்ந்த இடத்தில் ‘டூ’ உட்கார முடியாது என்று ஒரு வரி சொன்னால் போதும், பத்து விதியை மனப்பாடம் செய்யும் வேலை மிச்சம். இரண்டு, திருத்தும் முறையை மாற்றுங்கள். ‘ஹி ஆஸ்க்ட் மி வேர் டிட் ஐ லிவ்’ என்று எழுதிய மாணவி காலத்தை மாற்றியிருக்கிறாள், ‘யூ’வை ‘ஐ’ ஆக்கியிருக்கிறாள், ‘வேர்’ஐ விடாமல் பிடித்திருக்கிறாள். நான்கில் மூன்றைச் சரியாகச் செய்தவளுக்கு விடைத்தாளில் கிடைப்பது பூஜ்யம். மூன்று பங்கு மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டு, ஓரத்தில் ‘டிட் வேண்டாம், ஐ லிவ்ட் என்று எழுது’ என்று குறிப்பெழுத எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வரும் காலாண்டுத் தேர்விலேயே ஆசிரியர்கள் தொடங்கலாம்.